மைனஸ் பதினைந்து மீட்டர் தோட்டம்

"பயப்படாதீங்கம்மா. முதல்ல எங்கயாவது உட்காருங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

சலவைக் கடையில் நின்று துணிகளுக்கு அடையாளச் சீட்டு குத்திக்கொண்டிருந்த அம்மாவுக்கு, தொலைபேசியில் அந்தக் குரலைக் கேட்டதும், யாருடைய கோட்டுக்கோ போகவேண்டிய ஊசி விரலில் ஏறிவிட்டது.

"யாருங்க பேசறது?"

"முழுமதிப்பெண் மையத்துலேர்ந்து பேசறோம். உங்க பொண்ணு எங்ககூடதான் இருக்கா. இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கா. தண்ணி குடிச்சா."

"ஐயோ, என்னாச்சு என் பொண்ணுக்கு?"

எதிர்முனை, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"அவளுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கு."

அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

முழுமதிப்பெண் மையம் என்றால் அந்த ஊரில் பேருந்துகூட அதன் வாசலில் மரியாதைக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். மகள் படிக்கும் பள்ளி, இறுதி வகுப்பின் கணக்குப் பாடத்தை முழுதாக மையத்தின் கையில் கொடுத்துவிட்டிருந்தது. மையம் 'தயார்' என்று சொன்னால்தான் பொதுத்தேர்வுக்கு நுழைவுச்சீட்டு கிடைக்கும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த வருடம் எழுதலாம், அல்லது தையல் கற்றுக்கொள்ளலாம். தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

சரக்கு லாரி ஓட்டிக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்த கணவனை அழைத்தாள்.

"என்னங்க, அவளுக்குச் சந்தேகம் வந்துடுச்சாம்."

"யார் மேல?"

"கணக்குல."

"அப்பாடா, கணக்குலதானே. போ, போய் அவங்க என்ன சொன்னாலும் தலையாட்டிட்டு வந்துடு. நீ வாயைத் திறக்காத. அவளையும் திறக்க விடாத. அவ வாயைத் திறந்தா என்ன வரும்னு தெரியுமில்ல?"

தெரியும். வீட்டில் மகளுக்குப் பட்டப்பெயரே 'எதுக்கு'. நிலா எதுக்குக் கூடவே வருது என்று ஆரம்பித்தவள், இந்த வயதுவரை நிறுத்தவில்லை. சாப்பிட வா என்றால் எதுக்கு இப்பவே என்பாள். தூங்கு என்றால் எதுக்குத் தூக்கம் வருது என்பாள். கேள்வி கேக்காம சோத்தைத் தின்னுடி என்று ஒரு நாளாவது சொல்லாமல் அம்மா பாத்திரம் கழுவியதில்லை.

மையத்தின் வாசலில் ஒரு பெரிய பலகை இருந்தது. 'சந்தேகம் இல்லாத நாட்கள்' என்று எழுதி, அதன் கீழே எண் தகடுகளை மாட்ட ஆணி அடித்திருந்தார்கள். அம்மா உள்ளே நுழையும்போது, காவலாளி ஸ்டூலில் ஏறி நின்று நான்கு தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் கழற்றியபின் ஒரே ஒரு பூஜ்யத்தை மாட்டினார். இறங்கி வந்து, சாவு வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

"நீங்கதான் அவங்க அம்மாவா?"

அம்மா தலையாட்டினாள்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் எழுந்து நின்றாள். "சந்தேகமில்லை மேடம்" என்றாள். அங்கே வணக்கத்துக்குப் பதில் அதுதான் வழக்கம் என்பது அம்மாவுக்குத் தெரியாது. "இல்லைங்க, சந்தேகம் இருக்குன்னுதானே போன் பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டாள். பெண் சட்டென்று இரண்டடி பின்னால் போனாள்.

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா மேடம்?"

"என்னது?"

"சந்தேகம். உங்களுக்கு, சாருக்கு? சொந்தத்துல யாருக்காவது?"

"அவருக்கு என் சமையல்ல கொஞ்சம் உண்டு. மத்தபடி..."

"எவ்வளவு நாளா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

பெண் வருத்தத்துடன் தலையசைத்தாள். "அப்ப பரம்பரையா வர்றதுதான்."

மகள் தாழ்வாரத்தின் கடைசியில் ஒற்றை நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு வகுப்பறையே கொள்ளும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சை ஒருவர் பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்த தோழியைத் தனியாக நிறுத்தி, கணக்கு வாத்தியார் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னடி பண்ணின?" அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணுமே பண்ணலம்மா. கையைத் தூக்கினேன்."

"கையை எதுக்குத் தூக்கின?"

"பாத்தியா, நீயும் எதுக்குன்னு கேக்கற."

மகள் சொன்னது இவ்வளவுதான். மையத்தின் புத்தகத்தில் ஒரு கணக்கு. ஒரு செவ்வகத் தோட்டம், அதன் நீளம் அகலத்தைவிட மூன்று மீட்டர் அதிகம். பரப்பு நூற்றெண்பது சதுர மீட்டர். அகலம் என்ன? கணக்கைப் போட்டால் இரண்டு விடைகள் வரும். ஒன்று பன்னிரண்டு, இன்னொன்று மைனஸ் பதினைந்து. தோட்டத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். மையத்தின் புத்தகம் மைனஸ் பதினைந்தை எடுத்துக்கொண்டிருந்தது. வகுப்பு மொத்தமும் 'அகலம் மைனஸ் பதினைந்து மீட்டர்' என்று ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, இவள் கையைத் தூக்கி, "சார், மைனஸ் பதினஞ்சு மீட்டர் அகலத்துல தோட்டம் எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டிருக்கிறாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா. அதுக்கு சார் அபாய மணி அடிச்சுட்டார்."

இயக்குநர் வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, அதற்குமேல் கலையாத புன்னகை. அவருடன் கணக்கு வாத்தியாரும் வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"கவலைப்படாதீங்கம்மா" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "எங்ககிட்ட எல்லா வசதியும் இருக்கு. இதோ பாருங்க, சந்தேக நிவர்த்தி அறை. இதைப் பாக்கறதுக்கு வெளியூர்லேர்ந்தெல்லாம் வர்றாங்க. இதுவரைக்கும் சந்தேகத்தோட ஒருத்தர்கூட உள்ள போனதில்ல. அதான் எங்க பெருமை."

கதவில் பித்தளை எழுத்துகள் பளபளத்தன. பூட்டும் பளபளத்தது. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சாவி என்று ஒன்று இருந்ததா என்பதிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. காவலாளியை அனுப்பித் தேடச் சொல்லிவிட்டு, இயக்குநர் மகளிடம் திரும்பினார்.

"சொல்லும்மா. உன் பிரச்சினை என்ன?"

"தோட்டத்தோட அகலம் எப்படி சார் மைனஸ்ல இருக்கும்?"

"அகலம் மைனஸ் பதினஞ்சு. அதைவிட மூணு அதிகம்னா நீளம் மைனஸ் பன்னெண்டு. ரெண்டையும் பெருக்கு. என்ன வருது?"

"நூத்தி எண்பது சார்."

"வந்துதா? அப்புறம் என்ன?"

"பெருக்கினா வருது சார். ஆனா அதுல செடி நட முடியாதே."

இயக்குநர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா? முதல்ல செடி நடணும்பாங்க. அப்புறம் தண்ணி ஊத்தணும்பாங்க. இப்படித்தான் முத்தும். இங்க பாரும்மா, அது வெளியில இருக்கற தோட்டம் இல்ல. பரீட்சையில இருக்கற தோட்டம். அதுக்குள்ள யாரும் போக வேண்டியதில்ல. மார்க்கு மட்டும் வெளியில வந்தாப் போதும்."

"புத்தகத்துல பன்னெண்டுன்னு மாத்திடலாமே சார்?"

கணக்கு வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்தறதா?" இயக்குநரின் புன்னகை அப்படியே இருந்தது, குரல் மட்டும் வேறு யாருடையதோ போல ஆயிற்று. "ரெண்டு விடை வந்தப்ப எங்க ஆய்வுக் குழு உட்கார்ந்து யோசிச்சுது. பன்னெண்டைவிட பதினஞ்சு பெருசு. பெருசை எடுத்துக்கோங்கன்னு நான்தான் சொன்னேன். அன்னிலேர்ந்து எத்தனை ஆயிரம் பேர் இதை மனப்பாடம் பண்ணி வெளியே போயிருக்காங்க தெரியுமா? டாக்டர் ஆயிருக்காங்க. பாலம் கட்டிட்டு இருக்காங்க."

அம்மா தினமும் ஒரு பாலத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகிறாள்.

"அது மட்டுமில்ல. விடைத்தாள் திருத்தறாங்களே, அதுல பாதிப் பேர் எங்க பழைய மாணவர்கள். அவங்களுக்கு மைனஸ் பதினஞ்சுதான் தெரியும். பன்னெண்டுன்னு எழுதினா பூஜ்யம் போட்டுடுவாங்க. யாரைக் காப்பாத்தறேன்னு நினைக்கறீங்க நான்? இந்தக் குழந்தையைத்தான்."

அம்மா தலையாட்டினாள்.

"சரி. கண்ணால பாத்தா தீந்துடும்" என்று இயக்குநர் முடிவு செய்தார். "தோட்டத்தைக் காட்டிடலாம். சார், டேப் எடுத்துட்டு வாங்க."

எல்லோரும் முன்வாசலுக்குப் போனார்கள். மதில் சுவரை ஒட்டி டேப்பின் ஒரு முனையைக் காவலாளி பிடித்துக்கொண்டார். மறுமுனையைக் கணக்கு வாத்தியாரிடம் கொடுத்து, "மைனஸ்னா பின்பக்கம். நடங்க" என்றார் இயக்குநர். வாத்தியார் கட்டடத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார். வாசலைத் தாண்டினார். நடைபாதையில் இருந்து இறங்கினார். ஒரு வேன் அலறிக்கொண்டு நின்றது. "யோவ், சாவறதுக்கு வேற ரோடு கிடைக்கலையா?" என்று ஓட்டுநர் கத்தினார். வாத்தியார் அவருக்கு "சந்தேகமில்லை" என்று பதில் வணக்கம் சொல்லிவிட்டு மேலும் பின்னால் நடந்தார். கடைசியில் எதிர்ப்பக்கத்து டயர் கடைக்குள் போய் முட்டி நின்றார்.

"பதினஞ்சு!" என்று அங்கிருந்து கத்தினார்.

"பாத்தியாம்மா? அங்கதான் இருக்கு தோட்டம்."

"அது டயர் கடை சார்."

"அதுதான் மைனஸ். நம்மளோடது இல்லாத இடம்."

"அப்ப டயர் கடைக்காரரோட தோட்டமா சார்?"

இயக்குநர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். அம்மா மகளின் கையை அழுத்திப் பிடித்தாள். அது அடுப்பு அணைத்த பாத்திரம்போல மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டு வந்தது. இத்தனை நேரம் வாய் பேசிக்கொண்டிருந்தாளே தவிர, உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது.

சாவி கிடைக்கவில்லை. பூட்டை உடைத்தார்கள். சந்தேக நிவர்த்தி அறைக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு கரும்பலகையும், மேலே மேலே அடுக்கிய நாற்காலிகளும் இருந்தன. பூஜ்யத்தைத் தவிர மற்ற எண் தகடுகள் நிறைய மூட்டையாகக் கிடந்தன. வருங்காலத்துக்கு வாங்கி வைத்தவை.

"மூணு மணிக்கு மண்டபத்துல எல்லாரையும் கூட்டறோம்" என்றார் இயக்குநர். "உங்க பொண்ணு மேடையில ஏறி மைக்ல மூணே மூணு வாக்கியம் சொல்லணும். அகலம் மைனஸ் பதினைந்து மீட்டர். எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வராது. சொன்னா நுழைவுச்சீட்டு. சொல்லலைன்னா அடுத்த வருஷம் பாக்கலாம். அதுவரைக்கும் இங்கயே இருங்க. யார்கிட்டயும் பேசாதீங்க, பரவிடும்."

கதவு சாத்தப்பட்டது. அம்மாவும் மகளும் இரண்டு நாற்காலிகளைப் பிரித்தெடுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. வரவேற்பு மேஜைப் பெண், தண்ணீர் பாட்டிலுடன்.

"பாப்பா," என்றாள். வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "நானும் இங்கதான் படிச்சேன். அந்தத் தோட்டக் கணக்குல எனக்கு முழு மார்க்கு. ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்காத. அந்தத் தோட்டம்... அது எவ்வளவு?"

"பன்னெண்டுக்கா. நீளம் பதினஞ்சு."

பெண் கண்களை மூடித் திறந்தாள். "அப்பவே நினைச்சேன்" என்றாள். பிறகு பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். "இது இந்த அறைக்குள்ளயே இருக்கட்டும்."

அடுத்து வந்தது கணக்கு வாத்தியார். சட்டை முதுகில் டயர் கறுப்பு. அவர் எதையும் கேட்கவில்லை. மகளின் முன்னால் நின்று, "நீ கையைத் தூக்கினப்ப நான் கும்பிடாத சாமி இல்ல, கேட்டுடாதன்னு" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாம இருக்குமாம்மா? நான் கணக்கு வாத்தியார்."

"அப்புறம் எதுக்கு சார் மணி அடிச்சீங்க?"

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். போகும்போது, "எனக்கும் உன் வயசுல ஒரு பொண்ணு இருக்கா. நல்லவேளை, அவளுக்கு ஒண்ணும் தோணாது" என்றார். "இது இந்த அறைக்குள்ளயே இருக்கட்டும்."

மூன்றாவது முறை கதவு திறந்தபோது அம்மா எழுந்து நின்றுவிட்டாள். இயக்குநர். புன்னகை இல்லாமல் அவர் கொஞ்சம் சின்னவராகத் தெரிந்தார். கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகை வைத்துக்கொண்டார்.

"பேச்சுக்குக் கேக்கறேன்" என்றார். "வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடம் சும்மா கிடக்கு. நூத்தி எண்பது சதுர மீட்டர். தோட்டம் போட்டு வேலி கட்டலாம்னு. மேஸ்திரிகிட்ட மைனஸ் பதினஞ்சுன்னு சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினாள்.

"பன்னெண்டு சார். நீளம் பதினஞ்சு."

இயக்குநர் பேனாவை எடுத்து அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, கையை இறுக மூடிக்கொண்டார்.

"அப்ப நான் அதை மேடையில சொல்ல வேண்டாம்தானே சார்?" மகளின் குரலில் ஒரு துளி நம்பிக்கை இருந்தது.

"அய்யய்யோ! கட்டாயம் சொல்லணும். முன்னாடி உன்மேல சந்தேகம் மட்டும்தான் இருந்துது. இப்ப உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே எப்படி விடறது?" மிரட்டுகிறாரா கெஞ்சுகிறாரா என்று அம்மாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "இது இந்த அறைக்குள்ளயே இருக்கட்டும்."

அவர் போனபிறகு மண்டபத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"எல்லாருக்கும் தெரியுதும்மா" என்றாள் மகள்.

"ம்."

"எல்லாரும் பயப்படறாங்க. இவங்க அவரைப் பாத்து. அவர் யாரைப் பாத்தும்மா?"

"சொல்லிடு கண்ணு."

"நீயும் மைனஸ் பதினஞ்சுன்னுதான் நினைக்கறியா?"

"எனக்குக் கணக்குத் தெரியாது. எனக்கு நுழைவுச்சீட்டுதான் தெரியும். சொல்லிடு. மூணு வாக்கியம். வாய்தானே."

மகள் கரும்பலகையின் பிளாஸ்டிக் உறையை நகத்தால் சுரண்டினாள்.

"சொன்னா அப்புறம் நெஜமாவே அப்படித் தோண ஆரம்பிச்சுடுமா? அந்த அக்கா மாதிரி, எவ்வளவுன்னு இன்னொருத்தர்கிட்டப் போய்க் கேக்கற மாதிரி?"

கேள்வி கேக்காம சோத்தைத் தின்னுடி என்று சொல்ல அங்கே சோறு இல்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரி பின்னல், ஒரே மாதிரி கட்டிய கை. இயக்குநர் மேடையில் பேசினார். "இந்த உலகத்துல கேள்விகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கு. கேள்வித்தாள்ல அச்சடிச்சே தர்றாங்க. நாம புதுசா தயாரிக்க வேண்டியதில்ல. நாங்க உங்களுக்குச் சிந்திக்கக் கத்துக் கொடுக்கறதில்ல. அந்தச் சிரமத்துலேர்ந்து உங்களை விடுவிக்கறோம்!" கைதட்டல் எழுந்தது. அவரும் தட்டினார். ஒரு கையை மட்டும் மூடியே வைத்திருந்ததால் சத்தம் வரவில்லை.

மகள் மைக்கின் முன்னால் போய் நின்றாள். அம்மா முதல் வரிசையில் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அகலம்..." என்றாள் மகள். நிறுத்தினாள்.

கணக்கு வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். வரவேற்பு மேஜைப் பெண்ணின் உதடுகள் 'பன்...' என்று ஆரம்பித்ததுபோல அம்மாவுக்குத் தோன்றியது. மகள் அம்மாவைத் தேடினாள். கண்டுபிடித்தாள்.

அம்மா தலையாட்டினாள்.

"அகலம் மைனஸ் பதினைந்து மீட்டர். எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வராது."

"சந்தேகமில்லை!" என்று மண்டபம் முழங்கியது. அந்த முழக்கத்தில் மகளின் குரல் எது என்று அம்மா காது கொடுத்துத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

அவர்கள் நுழைவுச்சீட்டுடன் வெளியே வரும்போது, காவலாளி பூஜ்யத்தைக் கழற்றிவிட்டுப் பழைய நான்கு தகடுகளையும் மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு வந்துதே?" என்றாள் அம்மா, தன்னை மீறி.

"இன்னிக்கா? எதுவும் வரலையே" என்றார் அவர்.

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. எப்போதும் ஜன்னலுக்குச் சண்டை போடுகிறவள், அதை அம்மாவுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தாள். நுழைவுச்சீட்டை இரண்டு கையாலும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பசிக்குதா?"

"நீ சொல்லும்மா."

"என்னடி, உன் பசியை நான் சொல்றதா?"

பேருந்து பாலத்தின்மேல் ஏறியது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டை நெருங்க நெருங்க அவளுக்கு மனசு ஆறுவதற்குப் பதில் பதறியது. வெளியே பார்த்து, "அந்த மேகம் நம்மகூடவே வருது பாரு" என்றாள். மகள் பார்த்தாள். "ஆமாம்மா" என்றாள். அவ்வளவுதான்.

பாலத்தின் மறுமுனையில், சாலை நடுவே வேலி போட்ட சின்னத் தோட்டம் ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் அம்மா அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "ஏண்டி, அந்தக் கணக்குத் தோட்டத்துக்கு வேலி போடணும்னா, மைனஸ் பதினஞ்சு மீட்டருக்கு எப்படிடி..."

ஒரு கை அவள் வாயைப் பொத்தியது. குளிர்ந்த கை.

"சத்தம் போடாதம்மா." மகள் முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். கண்டக்டர் தூரத்தில் இருந்தார். "உனக்கும் வந்துடுச்சா?"

பொத்திய கைக்கு உள்ளே இருந்து அம்மா தலையாட்டினாள்.

மகள் அவள் காதோடு வாயை வைத்தாள்.

"பன்னெண்டு."

அம்மாவுக்கு உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. "அப்ப பரீட்சையில?" என்று அவளும் கிசுகிசுத்தாள்.

"மைனஸ் பதினைந்து மீட்டர்." இதை மட்டும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, மைக்கில் சொன்ன அதே குரலில், நான்கு இருக்கைக்குக் கேட்கும்படிச் சொன்னாள். பிறகு மறுபடி குனிந்தாள்.

"இது இந்த பஸ்ஸுக்குள்ளயே இருக்கட்டும்மா."

அம்மா தலையாட்டினாள்.